நிலையில்லாத வீட்டில் வளரும் பிள்ளை தன்னைக் காத்துக்கொள்வது எப்படி

கதவு திறக்கப்படும் ஓசையைக் கொண்டே அன்றைய இரவு எப்படிக் கழியும் என்று கணித்துவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வாடகை கட்டியாகிவிட்டதா, கடன் கொடுத்தவர் இன்று வருவாரா, நேற்றைய சண்டை இன்றும் தொடருமா என்று அவர்கள் மனத்தில் எந்நேரமும் ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நானும் அப்படிப்பட்ட ஒரு வீட்டில் வளர்ந்தவள். இன்னும் அந்த வீட்டிலேயே வாழ்ந்துகொண்டிருக்கும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காகவே இதை எழுதுகிறேன். அவர்களுக்கு அருகில் இருக்கும் பெரியவர்களுக்கும் இது பயன்படலாம். வீட்டின் வறுமையையும் பெற்றோரின் நடத்தையையும் மாற்றும் வழிகள் இதில் இல்லை, ஏனெனில் அவை ஒரு பிள்ளையின் கைக்குள் அடங்குபவை அல்ல. எதுவும் நிலைக்காத வீட்டில், நிலைத்து நிற்கக்கூடிய இரண்டு மூன்று விஷயங்களை நீங்களே தேடிப் பற்றிக்கொள்ள முடியும் என்பதையும், உங்களுக்குரியதல்லாத சுமையை இறக்கிவைக்கப் பழக வேண்டும் என்பதையுமே நான் சொல்ல விரும்புகிறேன்.

இது வெறும் ஆறுதல் அன்று. ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் 1955ஆம் ஆண்டு பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும், அவருடன் பணியாற்றிய ரூத் ஸ்மித்தும் அவர்களுடைய 40 வயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், வறுமை, பிறப்பின்போது நேர்ந்த சிக்கல்கள், குடும்பத்தில் ஓயாத பூசல், பெற்றோரின் குடிப்பழக்கம் அல்லது மனநோய் ஆகியவற்றில் பலவற்றை ஒருங்கே சந்தித்தவர்கள். அவர்களிலும் மூன்றில் ஒருவர், 18 வயதை எட்டியபோது, தன்னம்பிக்கையும் திறமையும் பிறர்மீது அக்கறையும் உடையவராக வளர்ந்திருந்தார். பதின்ம வயதில் தடுமாறிய மற்றவர்களிலும் பெரும்பாலோர் பிற்பாடு, இருபதுகளிலும் முப்பதுகளிலும், மேற்படிப்பாலோ நிலையான வேலையாலோ நல்ல வாழ்க்கைத் துணையாலோ மீண்டு வந்தார்கள். இந்த இரண்டாவது செய்தியைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். பதினாறு வயதில் தேர்வில் தோற்றுவிட்டோம், எல்லாரிடமும் கோபப்படுகிறோம், நம் வாழ்வு இப்படித்தான் போகும் என்று முடிவுகட்டி வைத்திருக்கும் பிள்ளை அதை முக்கியமாக அறிந்திருக்க வேண்டும்.

தாக்குப்பிடித்த பிள்ளைகளிடம் அசாதாரணமான ஆற்றல் எதுவும் காணப்படவில்லை. அவர்களுக்குப் பெற்றோரில் ஒருவரோ, பாட்டியோ, அண்ணனோ அக்காளோ, ஆசிரியரோ, அண்டை வீட்டாரோ, நம்பக்கூடிய ஒருவர் இருந்தார். அவர்களில் பலர் நன்றாகப் படிக்கக் கற்றிருந்தார்கள். மனம் ஈடுபடுவதற்கு ஒரு வேலையோ பொழுதுபோக்கோ இருந்தது. பிறருக்கு உதவும் பொறுப்பு ஒன்றும் இருந்தது. இத்துறையில் நெடுங்காலம் ஆய்வு செய்த ஆன் மாஸ்டன், மீள்திறன் என்பது அரிய சிலரின் தனிச்சிறப்பன்று, சாதாரணமான மனிதத் தேவைகள் நிறைவேறும்போது சாதாரணமாகவே உண்டாவது என்று 2001இல் எழுதினார். அப்படியானால் செய்ய வேண்டிய வேலையும் சாதாரணமானதாகவே இருக்கும்.

ஒரு பெரியவரைக் கண்டடையுங்கள்

எல்லாவற்றிலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான், எல்லாவற்றிலும் கடினமானதும் இதுதான். வாக்குறுதிகள் அடிக்கடி மீறப்படும் வீட்டில் வளர்ந்தவருக்கு யாரையும் நம்பாமல் இருப்பதே பாதுகாப்பு என்று தோன்றும். அந்த எண்ணம் வீட்டுக்குள் உங்களைக் காப்பாற்றியிருக்கலாம். ஆனால் வெளியிலும் அதையே கடைப்பிடித்தால், உதவக்கூடிய மனிதர்களும் உங்களை நெருங்க முடியாமல் போய்விடும்.

அன்பாகப் பேசுகிறவரையோ, பரிசு தருகிறவரையோ தேடாதீர்கள். சொன்ன நேரத்துக்கு வருகிறவரை, நேற்று இருந்த அதே குணத்தோடு இன்றும் இருப்பவரை, உங்கள் தவற்றைச் சுட்டிக்காட்டிய பிறகும் உங்களிடம் பழையபடியே நடந்துகொள்பவரைத் தேடுங்கள். அவர் உறவினராக இருக்கலாம். வகுப்பாசிரியர், விளையாட்டுப் பயிற்சியாளர், நூலகர், நண்பரின் தாய், உங்கள் வழிபாட்டு இடத்தில் உள்ள மூத்தவர் என்று யாராகவும் இருக்கலாம். எடுத்த எடுப்பில் அவரிடம் வீட்டுக் கதை முழுவதையும் கொட்டிவிட வேண்டியதில்லை. முதலில் சிறியதாக ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: “இந்தக் கணக்கை எனக்கு விளக்க முடியுமா?”, “பள்ளி முடிந்த பிறகு அரை மணி நேரம் இங்கே உட்கார்ந்து படிக்கலாமா?” என்பன போன்ற கேள்விகளே போதும். அவர் அதை எப்படி எடுத்துக்கொள்கிறார் என்று கவனியுங்கள். சில வாரங்கள் கழித்து, “வீட்டில் நிலைமை சரியில்லை, அதனால்தான் வீட்டுப்பாடம் முடிக்க முடியவில்லை” என்று ஒரே ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். நீங்கள் சொன்னதை அவர் ஊரெல்லாம் பரப்பாமலும், உங்களைப் பரிதாபப் பொருளாக்காமலும் இருந்து, அடுத்த முறை “இப்போது எப்படி இருக்கிறது?” என்று தாமே கேட்டால், அவரிடம் மேலும் பேசலாம்.

ஓர் எச்சரிக்கையையும் இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டில் அன்புக்கு ஏங்கும் பிள்ளையைத் தேடிவந்து வேட்டையாடும் மனிதர்களும் உண்டு. “இது நம் இருவருக்குள் மட்டும் இருக்கட்டும்” என்று சொல்பவர், தனியாக வரச்சொல்பவர், செய்த உதவிக்குப் பதிலாக எதையேனும் எதிர்பார்ப்பவர், மற்றப் பெரியவர்களிடமிருந்து உங்களைப் பிரிக்கப் பார்ப்பவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகுங்கள். நல்ல பெரியவர், உங்களுக்கு மேலும் சில நல்ல பெரியவர்கள் கிடைத்தால் மகிழ்வார்.

முதலில் அணுகியவர் கைவிரித்துவிட்டால் அது உங்களுக்குக் கிடைத்த தீர்ப்பு அன்று. அவருக்கு நேரமில்லாதிருக்கலாம், இத்தகைய பேச்சைக் கேட்கும் துணிவு இல்லாதிருக்கலாம். நான் மூன்றாவதாக அணுகியவர்தான் என்னை உட்காரச் சொன்னார். அவர் செய்தது பெரிய உதவி எதுவுமில்லை. ஒவ்வொரு வாரமும் ஒரே நாளில், ஒரே இடத்தில் இருந்தார்; அவ்வளவுதான். அந்த ஒரு நாளை எண்ணியே மற்ற ஆறு நாட்களையும் என்னால் கடக்க முடிந்தது.

ஒரு நேரத்தையும் ஓர் இடத்தையும் உங்களுடையதாக்குங்கள்

பெற்றோரில் ஒருவர் குடிநோயாளியாக இருந்த குடும்பங்களை ஸ்டீவன் வோலினும் லிண்டா பென்னட்டும் அவர்களுடைய சக ஆய்வாளர்களும் ஆராய்ந்து 1980இல் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், சேர்ந்து உண்பது, பண்டிகை கொண்டாடுவது போன்ற வழக்கங்களைக் குடியின் நடுவிலும் குலையாமல் காத்த குடும்பங்களில், அந்நோய் அடுத்த தலைமுறைக்குத் தொடர்வது குறைவாக இருந்தது என்று கண்டார்கள். குடும்பத்தின் வழக்கங்களைக் காக்கும் அதிகாரம் உங்களிடம் இல்லாமலிருக்கலாம். ஆனால் உங்களுக்கென்று ஒரு சிறு வழக்கத்தை வைத்துக்கொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லை. காலையில் எல்லாரும் எழுவதற்கு முன் இருபது நிமிடம் படிப்பது, ஒவ்வொரு நாளும் அதே நேரத்தில் பையை அடுக்கிவைப்பது, உறங்குமுன் தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு கதை சொல்வது என ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது மிகச் சிறியதாக இருக்க வேண்டும், ஏனெனில் மோசமான நாளிலும் செய்ய முடிந்தால்தான் அது வழக்கமாக நிலைக்கும்.

இடமும் அப்படித்தான். நூலகம், பள்ளியின் காலியான வகுப்பறை, நண்பரின் வீட்டுத் திண்ணை என்று வீட்டுக்கு வெளியே ஓர் இடத்தை அறிந்து வையுங்கள். வீடு மாறிக்கொண்டே இருப்பவர்களுக்கு இடத்தின் வேலையைப் பொருள்களே செய்யும்: எங்கு சென்றாலும் உடன் வரும் ஒரு பெட்டி, அதனுள் உங்கள் புத்தகங்கள், நோட்டு, முக்கியமான ஒன்றிரண்டு பொருள்கள்.

உறக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேர உறக்கம் தேவை என்று மருத்துவர்கள் பரிந்துரைக்கிறார்கள். இரவில் சண்டை நடக்கும் வீட்டில் இது எளிதன்று என்பதை அறிவேன். காதை அடைத்துக்கொள்ளும் பஞ்சு, பள்ளியிலிருந்து வந்தவுடன் ஒரு மணி நேரத் தூக்கம், வார இறுதியில் உறவினர் வீட்டில் ஓர் இரவு என்று கிடைக்கும் இடத்தில் எல்லாம் அதை ஈடுகட்டப் பாருங்கள். தூக்கமில்லாத மூளை எல்லாவற்றையும் நம்பிக்கையற்றதாகவே காட்டும். இரவு இரண்டு மணிக்கு உங்கள் எதிர்காலத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

எது உங்கள் சுமை, எது உங்கள் சுமை அன்று

இத்தகைய வீடுகளில் பிள்ளையே பெரியவராகிவிடுவது வழக்கம். தாய் அழும்போது தேற்றுவது, தந்தையின் குடியை மறைப்பது, கடன் கொடுத்தவரிடம் “அப்பா வீட்டில் இல்லை” என்று பொய் சொல்வது, சண்டையில் இருவருக்கும் நடுவில் நிற்பது என்று எல்லாம் பிள்ளையின் தலையில் வந்து விழுகின்றன. “வயதுக்கு மீறிய பக்குவம்” என்று பிறர் பாராட்டும்போது அந்தச் சுமை பெருமையாகவும் மாறிவிடுகிறது. அதனாலேயே அதை இறக்கிவைப்பது இன்னும் கடினமாகிறது.

வேலை செய்வது தவறில்லை. 1930களின் பெரும் பொருளாதார வீழ்ச்சியில் வளர்ந்த அமெரிக்கப் பிள்ளைகளைக் கிளென் எல்டர் என்ற சமூகவியலாளர் ஆராய்ந்தபோது, பதின்ம வயதில் வீட்டு வேலையிலும் வெளி வேலையிலும் பங்கேற்றவர்களில் பலர் பிற்காலத்தில் பொறுப்பும் தற்சார்பும் உடையவர்களாக இருந்ததைக் கண்டார். அதே வீழ்ச்சியைச் சிறு குழந்தைகளாகச் சந்தித்தவர்கள், குறிப்பாகச் சிறுவர்கள், கூடுதலாகப் பாதிக்கப்பட்டிருந்தார்கள். வயதுக்கேற்றதாகவும், தொடக்கமும் முடிவும் உடையதாகவும் உள்ள வேலை உங்களை வளர்க்கும். தண்ணீர் எடுத்து வைப்பது, சமையலில் உதவுவது, தம்பியைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வது ஆகியவை முடியக்கூடிய வேலைகள். தாயை மகிழ்ச்சியாக வைத்திருப்பதும் தந்தையைத் திருத்துவதும் ஒருநாளும் முடியாதவை.

குடிநோயாளிகளின் குடும்பத்தாருக்கான ஆதரவுக் குழுக்களில் மூன்று வாக்கியங்களைச் சொல்லித் தருவார்கள்: இதை நான் உண்டாக்கவில்லை, இதை என்னால் கட்டுப்படுத்த முடியாது, இதை என்னால் குணப்படுத்தவும் முடியாது. குடிக்கு மட்டுமல்லாமல், சூதாட்டத்துக்கும், கோபத்துக்கும், பெற்றோரின் மனச்சோர்வுக்கும் இவை பொருந்தும். பெற்றோர் உங்களை நடுவராக்கும்போது, “நீங்கள் இருவரும் எனக்கு வேண்டியவர்கள், இதில் நான் பேச மாட்டேன்” என்று சொல்லிவிட்டுத் தம்பி தங்கையருடன் வேறிடத்துக்குச் சென்றுவிடுங்கள். முதலில் உங்களைக் கல்நெஞ்சம் என்பார்கள். குரலை உயர்த்தாமல் அதே வாக்கியத்தை மீண்டும் மீண்டும் சொல்லுங்கள். எதிர்த்துப் பேசுவது அடியில் முடியும் வீடாக இருந்தால் அதையும் சொல்ல வேண்டாம்; விலகிச் செல்வது மட்டும் போதும்.

எல்லாவற்றையும் தனியே தாங்கி முன்னேறுவதற்கும் ஒரு விலை உண்டு. அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்துக் கிராமப்புறங்களில் வளர்ந்த கறுப்பின இளைஞர்களை ஜீன் பிராடி, கிரெகரி மில்லர் முதலியோர் ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவுகளின்படி, வறிய சூழலில் இருந்தும் மிகுந்த சுயகட்டுப்பாட்டோடு வாழ்ந்தவர்கள் மனநிலையிலும் நடத்தையிலும் நன்றாக இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய உயிரணுக்கள் வயதைவிட விரைவாக மூப்படைந்ததற்கான அறிகுறிகள் காணப்பட்டன. வெளியில் உறுதியாகத் தெரியும் பிள்ளையின் உடல் உள்ளுக்குள் தேய்ந்துகொண்டிருக்கலாம். எனவே அடிக்கடி வரும் தலைவலி, வயிற்றுவலி, தொடர்ந்த களைப்பு ஆகியவற்றை மறைக்காமல் யாரிடமாவது சொல்லுங்கள். நன்றாகப் படிக்கும் பிள்ளைக்கு உதவி தேவையில்லை என்று நினைக்கும் ஆசிரியர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும்.

பணத்தைப் பற்றி

பெற்றோர் ஏன் இப்படி முன்யோசனையில்லாமல் நடக்கிறார்கள் என்று உங்களுக்குக் கோபம் வரும். 2013இல் வெளியான ஓர் ஆய்வில், அறுவடைக்கு முன் பணமுடையில் இருந்த கரும்பு விவசாயிகள் சிந்தனைத் திறனைச் சோதிக்கும் பயிற்சிகளில் குறைவாகச் செய்தார்கள். அறுவடைப் பணம் கைக்கு வந்த பிறகு அதே மனிதர்களே நன்றாகச் செய்தார்கள். அறிவு குறைந்ததால் அப்படி நேரவில்லை. கவலை அவர்களுடைய கவனத்தை விழுங்கிவிட்டது என்றே ஆய்வாளர்கள் விளக்கினார்கள். இதை அறிவதால் பெற்றோர் செய்தவை எல்லாம் நியாயமாகிவிடாது. ஆனால் வறுமையின் விளைவு எது, அவர்களுடைய குணம் எது என்று பிரித்துப் பார்க்க முடிந்தால், உங்கள் கோபம் உங்களையே எரிப்பது குறையும்.

நடைமுறையில் மூன்று காரியங்களைச் செய்யலாம். பிறப்புச் சான்றிதழ், அடையாள ஆவணங்கள், மதிப்பெண் பட்டியல் ஆகியவற்றின் நகல்களை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையானவரிடம் கொடுத்து வையுங்கள்; அடிக்கடி வீடு மாறும் குடும்பத்தில் முதலில் தொலைபவை அவையே, பின்னால் படிப்புக்கும் வேலைக்கும் முதலில் கேட்கப்படுபவையும் அவையே. யாருடைய கடனுக்காகவும் உங்கள் பெயரில் கையெழுத்திடாதீர்கள். பெற்றோரே கேட்டாலும், வெளியார் ஒருவரிடம் காட்டாமல் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டாம். உங்கள் பள்ளியில் கட்டணச் சலுகை, உதவித்தொகை, இலவச உணவு போன்றவை உண்டா என்று நீங்களே கேட்டறியுங்கள். கேட்பதற்குக் கூச்சமாக இருக்கும். அந்தச் சலுகைகள் உங்களைப் போன்றவர்களை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டவை.

மனத்தில் சேர்வதை எழுதிக் கரையுங்கள்

1986இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்ட ஆய்வில், தம் வாழ்வின் துயரமான நிகழ்ச்சியைப் பற்றி, நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து, நான்கு நாட்கள் தொடர்ந்து 15 நிமிடம் எழுதிய கல்லூரி மாணவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவ மையத்துக்குச் சென்றது குறைந்திருந்தது. எழுதி முடித்த உடனே அவர்களுக்கு மனம் கனத்தது என்பதும் அதே ஆய்வில் பதிவாகியிருக்கிறது. எனவே எழுதிய அன்று சோர்வாக இருந்தால் அஞ்ச வேண்டாம். எழுத்துப்பிழையோ அழகோ இதில் முக்கியமில்லை. வீட்டில் பிறர் எடுத்துப் படித்துவிடுவார்கள் என்றால் எழுதி முடித்தவுடன் கிழித்துப் போடுங்கள். எழுதியதே பயன், தாள் அன்று. நினைக்கும்போதே உடல் நடுங்கும் அளவுக்குக் கொடிய நிகழ்ச்சியைத் தனியாக எழுத முயல வேண்டாம். அதற்கு மனநல ஆலோசகரின் துணை வேண்டும்.

அடியோ பாலியல் தொல்லையோ இருந்தால்

இங்கே பொறுமையைப் பற்றியும் தாங்கும் திறனைப் பற்றியும் பேசக் கூடாது. உங்கள் நாட்டிலுள்ள குழந்தைகள் உதவித் தொலைபேசி எண்ணை மனப்பாடம் செய்யுங்கள். தொலைபேசியில் சேமித்தால் அது பறிக்கப்படலாம். ஆபத்து வரும்போது எந்த வாசல் வழியே வெளியேறுவது, யார் வீட்டுக்குச் செல்வது, தம்பி தங்கையருக்கு எந்தச் சொல்லைச் சொன்னால் உடனே கிளம்ப வேண்டும் என்பதை அமைதியான நாளிலேயே முடிவு செய்து வையுங்கள். முதலில் சொன்னவர் நம்பாவிட்டால் இரண்டாமவரிடம் சொல்லுங்கள், மூன்றாமவரிடமும் சொல்லுங்கள். 1989இல் ஐக்கிய நாடுகள் பொது அவை ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, பெற்றோரின் பராமரிப்பில் இருக்கும்போதும் வன்முறையிலிருந்து காக்கப்படும் உரிமை குழந்தைக்கு உண்டு என்கிறது. சொல்வதால் குடும்ப மானம் போய்விடும் என்று உங்களை அச்சுறுத்துகிறவர்கள், அந்த மானத்தை உங்கள் உடலைக் கொண்டு காக்கப் பார்க்கிறார்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தாலும் இதே வழிதான்: அந்த இரவிலேயே ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

வெளியேறும் காலம்

படிப்புக்காகவோ வேலைக்காகவோ ஒருநாள் வெளியே செல்வீர்கள். விட்டுவிட்டு வந்தோமே என்ற குற்றவுணர்ச்சி, குறிப்பாக இளையவர்களை நினைத்து, கடுமையாக வரும். அவர்களிடம் வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாளில் பேசுவதாகச் சொல்லுங்கள். உங்களால் தவறாமல் காப்பாற்ற முடிந்த வாக்கை மட்டுமே கொடுங்கள். வீட்டுக்குப் பணம் அனுப்புவதானால் ஒரு தொகையை முன்கூட்டியே முடிவுசெய்து, அதற்குமேல் கேட்கப்படும்போது ஒரு நாள் அவகாசம் எடுத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள். முடிந்தால் பணமாகக் கொடுக்காமல் தம்பியின் பள்ளிக் கட்டணத்தை நேரே செலுத்துங்கள்.

புதிய இடத்தில் யாரும் கத்தமாட்டார்கள். ஆயினும் கதவு திறக்கும் ஓசை கேட்டதும் உங்கள் நெஞ்சு படபடக்கும். அமைதியே ஏதோ நடக்கப்போவதற்கு அடையாளம் போலத் தோன்றும். நல்லவர் ஒருவர் சற்றுத் தாமதமாகப் பதிலளித்தாலும் கைவிடப்பட்டதாக நினைப்பீர்கள். பல ஆண்டுகள் காவல் காத்த உடல், காவலை விட்டுவிட நாளாகும்; எனக்கு அது ஆண்டுக்கணக்கில் ஆயிற்று. அப்போது உடன் தங்கியிருப்பவரிடம், “கதவை மெதுவாகத் திறந்து, வந்துவிட்டேன் என்று ஒரு குரல் கொடுங்கள்” என்று கேட்டுக்கொள்ளுங்கள்.